முட்டை உரிக்கும் இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டருக்கு முட்டை உரிக்க வந்துவிட்டது. பிரச்சினையே அதுதான்.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவழியில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் ஏறி, இடது கையை நீட்டுவார். டிக்கெட் வாங்கியவர்களுக்கே ஒரு கணம் வாங்கினோமா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தக் கெத்தில் சொந்தப் பெயர் எங்கேயோ உதிர்ந்துபோய், தெருவுக்கே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அன்றிலிருந்து வலது கையும் வலது காலும் வேலைநிறுத்தம். மனைவி தையல்காரி. திரைச்சீலை, தலையணை உறை, நாற்காலி உறை என்று வீட்டிலேயே தைப்பவள். முன்னறையில் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவருக்குக் கட்டில் போட்டாள். அவள் காலால் மிதிக்க மிதிக்க, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டு அவளிடம் பேசினார்கள். "சாப்பிடறாரா?" "தூங்கறாரா?" "நாம பேசறது புரியுதா அவருக்கு?" புரிந்தது. நன்றாகவே புரிந்தது. எதிர்வரிசையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவன் பெட்டியோடு வந்து, அவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, தையல்காரியைத்தான் கேட்டான்: "அக்கா, பின்னாடி எவ்வளவு குறைக்கலாம்?" வேலியோரத்துச் செடியைக் கத்தரிக்க வந்தவன் மாதிரி. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டவர், அவன் போன பிறகும் வெகுநேரம் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், ஓய்வு பெற்றவர்களுக்கு பஸ் நிர்வாகம் செய்திருந்த ஏற்பாட்டில், ஓர் இல்லப் பராமரிப்பு நிறுவனம் ஆள் அனுப்பியது. வந்தவள் நாற்பதைத் தாண்டியவள். பருத்த உடம்பு, கணீர் என்ற குரல், தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம். உள்ளே நுழைந்ததும் அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போட்டு விடு," என்றார் இன்ஸ்பெக்டர். அப்போது அவருக்கு வார்த்தைகள் குழறும்.

"இடது கை சும்மாத்தானே இருக்கு ஐயா? அதுக்கு ஒரு வேலை குடுங்க."

"பின்ன நீ எதுக்கு வந்திருக்க?"

"நீங்க தப்பாப் போட்டா சிரிக்கறதுக்கு."

அன்றே அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் விழுந்தது.

தையல்காரிக்கு முதலில் வயிறு எரிந்தது. சரியான சோம்பேறி வந்து வாய்த்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரம்மாவிடம் புலம்பினாள். அந்த மனிதர் ஒரு கையை நுழைக்க வியர்த்துக் கொட்டுகிறார், இவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள், நடுவில் பாட்டு வேறு. ஆனால் ஒரு காலையில், "இங்க பாரு!" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. தையல்காரி திரும்பினாள். சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளித் தள்ளி மாட்டியிருந்தன, ஒரு பக்கம் கழுத்துவரை ஏறியிருந்தது. ஆனால் போட்டிருந்தார். அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் அழுது தொலைத்திருப்பாள்.

சட்டைக்குப் பிறகு சீப்பு. சீப்புக்குப் பிறகு ஸ்பூன். அப்புறம்தான் முட்டை. அவித்த முட்டையைத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். மடியில் இருக்கும் கிண்ணத்தில் போட்டு உருட்டி, நகத்தால் ஓட்டை நெம்புவார். பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடும். மிச்சம் எலி கடித்த சோப்பு மாதிரி இருக்கும். அதை வாயில் போட்டுக்கொண்டு, பஸ் முழுக்க டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்துவிட்ட தோரணையில் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பார். தெருவில் அவர் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். எதிர்வரிசை முடிவெட்டும் கடை. வாசல் படி மூன்றையும் இறங்கி, தெருவைக் கடந்து, அந்த நாற்காலியில் தானே போய் உட்கார வேண்டும். வேறு ஆசை இல்லை. கட்டிலிலிருந்து வாசல்வரை, சட்டாம்பிள்ளை பக்கத்தில் வர, தடியை ஊன்றிப் போய்வர ஆரம்பித்திருந்தார். முதல் படியில் நின்று தெருக்காற்றை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

இந்த நிலையில்தான் டை வந்தான்.

டை என்பது நிறுவனத்தின் மேற்பார்வையாளன். இளைஞன். எவ்வளவு வெயிலானாலும் கழுத்தில் டை கட்டியிருப்பதால் இன்ஸ்பெக்டர் சூட்டிய பெயர். வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தையல்காரியைப் பார்த்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான்.

"மேடம், ஒரு வருத்தமான விஷயம். உங்க வீட்டுக்கு வர்ற ஊழியரோட தர மதிப்பெண், எங்க வட்டாரத்துலயே கடைசி."

"யாரு, சட்டாம்பிள்ளையா?"

"உணவு ஊட்டுதல், இல்லை. உடை அணிவித்தல், இல்லை. தலை வாரிவிடுதல், இல்லை. படிவத்துல எல்லாக் கட்டத்துலயும் இல்லை, இல்லைன்னே வருது மேடம். இவங்க என்னதான் செய்யறாங்க?"

"என்னைத் திட்டறாங்க," என்றார் கட்டிலிலிருந்து இன்ஸ்பெக்டர்.

டை அவர் பக்கம் திரும்பாமலே தையல்காரியிடம் சொன்னான்: "அதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லன்னு சார்கிட்ட சொல்லுங்க மேடம்."

"அவரே எல்லாம் செஞ்சுக்கறாரு தம்பி. அதனாலதான் இவ செய்யறதில்ல."

"அதான் மேடம் பிரச்சினை. பயனாளியே செஞ்சுக்கிட்டா சேவைன்னு எதைக் கணக்குல எடுக்கறது? நாளைக்குத் தலைமை மதிப்பீட்டாளர் நேர்ல வர்றார். அவர் முன்னாடியும் இப்படியே இருந்தா, இவங்களை எடுத்துட்டு வேற ஆள் போட்டுடுவோம். நீங்க கவலையே பட வேண்டாம். மருந்துக்கடை வீட்டுல பாத்துக்கறாங்க பாருங்க, அஞ்சு நட்சத்திரம் வாங்கினவங்க, அவங்களையே அனுப்பச் சொல்றேன்."

தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

மருந்துக்கடை வீடு அடுத்த வீடுதான். அங்கே மாமனாருக்கு இடுப்பில் அடிபட்டு, ஐந்து நட்சத்திரம் வந்து பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். நல்ல பெண், பாவம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவர் தண்ணீரைப் பார்த்தால் டம்ளர் உதட்டில் இருக்கும். மூக்கு அரித்தால், அரிக்கிறது என்று அவருக்குத் தெரிவதற்குள் இவள் சொறிந்து விட்டிருப்பாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றி, கண்டுபிடித்தால் சண்டைக்கும் வருகிற மனிதர் அவர். இப்போது தையல்காரி தைத்துக் கொடுத்த தலையணை உறையில், இன்னொரு தலையணையாகக் கிடந்தார்.

மருந்துக்கடைக்காரம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. அன்று மாலை மதில் அருகே வந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்கும் எங்க ஆளையே அனுப்பப் போறாங்களாமே? குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க மாமா இப்ப வாயே தொறக்கறதில்ல. அவ்வளவு நிம்மதி."

"யாருக்கு?"

மருந்துக்கடைக்காரம்மா யோசித்தாள். "பொதுவா சொன்னேன்," என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் சட்டாம்பிள்ளை கிண்ணத்தில் கிடந்த முட்டை ஓட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். திரும்பி வந்து மூக்கைச் சிந்தினாள்.

"போகச் சொன்னா போறேன்க்கா. எனக்கு வீடா இல்ல? ஆனா ஐயா படி எறங்கறதப் பாக்காமப் போறதுதான்... சரி விடுங்க. அந்த அஞ்சு நட்சத்திரத்துக்குச் சொல்லி வைங்க, ஐயாவுக்கு முட்டை கொஞ்சம் கெட்டியா வேகணும்."

"எவளும் வர வேண்டாம்!" இன்ஸ்பெக்டர் இடது கையால் கட்டிலைக் குத்தினார். "அந்த மதிப்பீட்டுக்காரன் வரட்டும். நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசுவீங்க. அவர் உங்ககிட்ட பேசணுமே?" என்றாள் தையல்காரி. தறிகெட்டு ஓடும் துணியை ஊசிக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிற முகம் அவளுக்கு வந்திருந்தது. "என்னங்க, நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கு அவங்க வந்து போறவரைக்கும் அசையாமப் படுத்துக் கெடங்க. இவ உங்களுக்கு ஊட்டட்டும், தலை வாரட்டும். கட்டமெல்லாம் நிரம்பட்டும். போனதும் எழுந்துக்கலாம்."

"காலமெல்லாம் செக்கிங் பண்ணவன் நான். செக்கிங்க ஏமாத்தச் சொல்றியா?"

"படுத்துக் கெடங்கன்னுதானே சொன்னேன்? மாசக்கணக்கா அதைத்தானே செஞ்சீங்க, அதுக்குள்ள மறந்தா போச்சு?"

அவர் சட்டாம்பிள்ளையைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சூப்பக் கொண்டா. ஊட்டிப் பழகு," என்றார்.

அவளுக்கு ஊட்டத் தெரியவில்லை. இந்த வீட்டில் அவள் செய்யாத வேலை அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் அதில் அவள் தனித்து விளங்கினாள். முதல் ஸ்பூன் மீசைக்குப் போயிற்று. இரண்டாவது காதோரமாகக் கழுத்துக்குள் இறங்கியது.

"ஏம்மா, வாய் எங்க இருக்குன்னு தெரியாதா உனக்கு?"

"பேசறப்ப தெரியுது ஐயா. மூடினதும் காணாமப் போயிடுது."

மறுநாள் மனிதர்களுக்கு முன்னால் பேனர் வந்தது. அது வீட்டை விட அகலமாக இருந்தது. டை ஆட்களை ஏவி இப்படி அப்படிப் பிடித்துப் பார்த்தான். கடைசியில் ஜன்னலையும் கதவில் பாதியையும் மறைத்துக் கட்டியதில், 'வீடுதோறும் ஒளியேற்றுவோம்' என்ற எழுத்து வெளியே பளிச்சென்று தெரிந்தது. உள்ளே விளக்கைப் போட வேண்டியதாயிற்று.

பிறகு வேனிலிருந்து தலைமை மதிப்பீட்டாளர் இறங்கினார். கோட்டு, கோட்டில் ஒரு வில்லை, வில்லையில் அவர் படம். பின்னால் ஒரு போட்டோகிராபர். குனிந்து பேனருக்கு அடியில் நுழைந்ததில் கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டு, அறையின் நடுவில் நின்று, "மதிப்பீடு என்பது ஒரு வேள்வி" என்று ஆரம்பித்தார். வேள்வி நெடுநேரம் வளர்ந்தது. கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தையல் மிஷினைப் பார்த்தார். கட்டிலைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

"பெரியவருக்கு வலி கிலி உண்டா?" என்று தையல்காரியைக் கேட்டார்.

"இருந்தா சொல்லுவாருங்க."

"பாசமா இருக்காரா?"

"அது முன்னாடியும் கெடையாதுங்க."

போர்வைக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. சட்டாம்பிள்ளை சட்டென்று சூப்புக் கிண்ணத்தை எடுத்தாள். இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உத்தரத்தில் கண்ணை நாட்டிக் கிடந்தார். ஊட்டினாள், துடைத்தாள், தலை வாரினாள், வாரியதைக் கலைத்து மறுபடியும் வாரினாள். டை ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டான்.

"அபாரம்," என்றார் தலைமை மதிப்பீட்டாளர். "விரல்கூட அசைக்கலை பாருங்க! இதுதான் தரம். இதுக்கு மேல ஒரே ஒரு குறைதான். அதையும் தீர்த்துடலாம். கொண்டு வாங்கய்யா."

வேனிலிருந்து ஒரு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சக்கரம் வைத்த இரும்புத் தூண், அதிலிருந்து கொக்கின் கழுத்து மாதிரி ஒரு கை, கையில் தொங்கும் துணித் தொட்டில். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இறக்குவதற்கு. நிறுவனத்தில் அதற்குத் தூக்கி என்று பெயர்.

"இனிமே இவர் காலைத் தரையில வைக்கவே தேவையில்ல."

"ஐயாவுக்கு அது வேண்டாம் சார்," என்றாள் சட்டாம்பிள்ளை. "நகர முடியாதவங்களுக்கு அது சாமி மாதிரி. இவருக்கு எதுக்கு?"

"வேணுமா வேண்டாமாங்கறத மதிப்பீடு முடிவு பண்ணும்மா."

தையல்காரி கணவரைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பதறிப்போய் அவர் தோளில் கை வைத்தாள். கெடுத்துடாதீங்க, இன்னும் கொஞ்சம்தான் என்று அந்தக் கை கெஞ்சியது.

அந்த நேரத்தில் போட்டோகிராபர்தான் அந்த யோசனையைச் சொன்னான். "சார், மொதல்ல நீங்க ஒக்காந்தா படம் பிரமாதமா வரும். தலைவரே ஒக்காந்திருக்காருன்னா ஜனங்களுக்கு பயம் போயிடும்."

படம் என்றதும் தலைமை மதிப்பீட்டாளரின் முகத்தில் விளக்கு எரிந்தது. தொட்டிலில் உட்கார்ந்தார். வாரை மாட்டினார்கள். டை பொத்தானை அழுத்த, தூக்கி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அவரை உயர்த்தியது. அவர் கையசைத்தார். போட்டோகிராபர் எடுத்துத் தள்ளினான். "போதும், இறக்கு."

டை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். தூக்கியை உலுக்கிப் பார்த்தான். காலையிலிருந்து தெருத்தெருவாக, வீடுவீடாக ஏற்றி இறக்கிக் காட்டியதில் பேட்டரி தன் கடைசி மூச்சை இவரை உயர்த்துவதற்காகச் செலவழித்துவிட்டிருந்தது.

தொட்டில் அவரை நடுவில் மடித்துப் போட்டிருந்தது. முழங்கால் இரண்டும் தாடையை இடித்தன. கோட்டு காதுவரை ஏறியிருந்தது. ஒரு பூட்ஸ் கழன்று விழுந்தது. சந்தையில் எடை போடத் தொங்கவிட்ட பூசணிக்காய் போல மெல்லச் சுற்றினார்.

டை போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். "ஆமா, தொங்கறார்... இல்ல இல்ல, நினைவெல்லாம் இருக்கு... பேசறார், ஆனா கோர்வையா இல்ல..."

"யோவ், என்னை எறக்குய்யா!"

சத்தம் கேட்டு மருந்துக்கடைக்காரம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். அனுபவம் உள்ளவள் அல்லவா? நேராக டையிடம் போனாள். "அவருக்குத் தண்ணி குடுக்கலாமா?"

"சர்க்கரை இருக்கான்னு தெரியலயே."

"தண்ணில என்னய்யா சர்க்கரை? எனக்கு ஒண்ணும் இல்ல!" என்றது மேலேயிருந்து குரல்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "காலைல சாப்பிட்டாரா? வெறும் வயித்துல குடுத்தா பெரட்டும்," என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

"சாப்பிட்டாருன்னு நினைக்கறேன்."

"சாப்பிட்டேன்! என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?"

"கோபப்படறார், பாவம். இந்த நிலைமைல அப்படித்தான் இருப்பாங்க. எங்க மாமாவும் ஆரம்பத்துல இப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்." சொல்லிக்கொண்டே செம்பை அவர் வாயில் சாய்த்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கோட்டுக்குள் இறங்கியது. முகத்தைத் துடைத்து விட்டாள். கலைந்திருந்த முடியையும் தன் விருப்பப்படி பக்கவாட்டில் ஒதுக்கி விட்டாள்.

"என்னைக் கேளுங்கய்யா!" தலைமை மதிப்பீட்டாளரின் குரல் உடைந்தது. "நான் இங்கதானே இருக்கேன்! என்னை ஒரு வார்த்தை கேளுங்களேன்!"

தையல்காரியின் கைக்குக் கீழே இருந்த தோள் விறைத்தது.

அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதில்லை. யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை, ஆனால் மாதக்கணக்காக இந்தக் கட்டிலிலிருந்து, கூரையைப் பார்த்த இரண்டு கண்களிலிருந்து, அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் கையை எடுத்தாள்.

போர்வை விலகியது. இன்ஸ்பெக்டர் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். இடது காலை இறக்கினார், வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். தடி கதவோரம் இருந்தது. அதை அவர் தேடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தார். கம்பியை விட்டுத் தையல் மிஷினைப் பிடித்தார். மிஷினை விட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. அவர் மிஷினை விட்டார்.

தையல்காரி பாய்ந்து பிடிக்கப் போனாள். எதிரே சட்டாம்பிள்ளை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். விரல் கணுக்கள் வெளுக்கும்படி கட்டியிருந்தாள். தையல்காரியும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இப்போதுதான் தெரிந்தது, உலகத்திலேயே கஷ்டமான வேலை அது என்று.

வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. நடந்தார். அறையின் நடுவரைக்கும், யாரையும் எதையும் பிடிக்காமல் நடந்தார்.

டையின் கையிலிருந்து போன் விழுந்தது. "மேடம், அவர்... அவர் நடக்கறார்!" என்றான் தையல்காரியிடம்.

"அவர்கிட்டயே சொல்லுங்க தம்பி. அவருக்கும் தெரியட்டும்."

இன்ஸ்பெக்டர் தொட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். பழக்கதோஷத்தில் இடது கை, டிக்கெட் கேட்பது போல நீண்டுவிட்டது. அப்படியே அதை உயர்த்தித் தூணைப் பிடித்துக்கொண்டார். அவர் முகமும் தொங்குகிறவர் முகமும் இப்போது நேருக்கு நேர்.

"சார், உங்களுக்கு என்ன வேணும்?"

"எறங்கணும்."

"சட்டாம்பிள்ளை, சார் எறங்கணுமாம்."

"எறங்கட்டும் ஐயா. யாரு வேணாம்னா?" அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். "சார், உங்க இடது கை சும்மாத்தானே இருக்கு? தூண்ல சிவப்பா ஒரு வளையம் தெரியுதா? அதைப் பிடிச்சு இழுத்து வெச்சா கரண்ட் இல்லாமலே எறங்கும்."

"தெரிஞ்சிருந்தா நீயே மொதல்லயே இழுத்திருக்கக் கூடாதா?"

"இழுத்திருக்கலாம். நான் எறக்கினா நீங்க மூட்டை சார். நீங்களே எறங்கினா ஆளு."

"எட்டலையே!"

"தோளைத் திருப்புங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

"முடியலம்மா!"

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர், அக்கறையாக. "எனக்குச் சட்டை அப்படித்தான் இருந்துது. இவ சிரிப்பா. கண்டுக்காதீங்க."

தலைமை மதிப்பீட்டாளர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் திருப்பினார். விரல் நுனி வளையத்தில் பட்டு நழுவியது. இன்னொரு முறை. தொட்டில் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. திரும்பி வரும்வரை அறையே காத்திருந்தது. மூன்றாம் முறை பிடித்துவிட்டார். இழுத்தார். 'உஸ்ஸ்' என்று தூக்கி பெருமூச்சு விட்டது. அங்குலம் அங்குலமாக, ஒற்றைப் பூட்ஸோடு, நனைந்த கோட்டோடு, தலைமை மதிப்பீட்டாளர் பூமிக்கு வந்து சேர்ந்தார்.

"நானே எறங்கினேன்!" உட்கார்ந்தபடியே ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "பாத்தீங்களா? நானேதான்! யாரும் தொடலை!"

போட்டோகிராபர் அந்த முகத்தை எடுத்தான்.

பிறகுதான் அவருக்கு உலகம் ஞாபகம் வந்தது. எதிரே நின்றுகொண்டிருந்த நோயாளியைப் பார்த்தார். "நீங்க... விரலை அசைக்காம..."

"நடிப்பு சார்," என்றார் இன்ஸ்பெக்டர். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு ஏறினா, பஸ்ல எல்லார் கையிலயும் டிக்கெட் இருக்கும். நீங்க நேத்தே ஆள் அனுப்பிச் சொல்லிட்டீங்க. நாங்களும் டிக்கெட் எடுத்து வெச்சோம். என் பொண்டாட்டி யோசனை. இந்தம்மாவ எடுத்துட்டு வேற ஆள் போடறதா சொன்னாரு உங்க டைக்காரரு. அந்த பயம்."

"அந்த சூப்பு?"

"அதக் குடிச்சதவிட அதுல குளிச்சதுதான் ஜாஸ்தி. நான் முட்டை உரிச்சு சாப்பிடறவன் சார்."

தலைமை மதிப்பீட்டாளர் நம்பாத பார்வை பார்த்தார். தையல்காரி அடுக்களைக்குப் போய் அவித்த முட்டை ஒன்றைக் கிண்ணத்தில் கொண்டு வந்தாள். இனி மறைத்து என்ன?

இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார். தட்டினார். உருட்டினார். முட்டை நழுவி ஓடியது. தலைமை மதிப்பீட்டாளரின் கை தானாக உதவிக்கு நீண்டது.

"சார்," என்றாள் சட்டாம்பிள்ளை. "கை பின்னால."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்து டையும் கட்டிக்கொண்டான். மருந்துக்கடைக்காரம்மா செம்போடு கையைப் பின்னால் கொண்டுபோனதில் மிச்சத் தண்ணீர் அவள் முதுகிலேயே கொட்டியது, அவள் அசையவில்லை. போட்டோகிராபர் காமிராவைத் தொங்கவிட்டான். அரசனின் முடிசூட்டலுக்கு வந்தவர்களைப் போல அத்தனை பேரும் கைகட்டி நின்று, ஒரு முட்டை உரிபடுவதை மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

கடைசி ஓட்டுத் துண்டு விழுந்தது. பாதி வெள்ளைக்கரு அதோடு போயிருந்தது. இன்ஸ்பெக்டர் மிச்சத்தைத் தூக்கிப் பார்த்து, திருப்தியாகி, தலைமை மதிப்பீட்டாளரிடம் நீட்டினார். "சாப்பிடுங்க சார். தொங்கினது களைப்பா இருக்கும்."

அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே டையைக் கேட்டார்: "இது எந்தக் கட்டத்துல வரும்?"

"கட்டம் இல்ல சார்."

"அப்ப மதிப்பெண்?"

"சைபர் சார். நடிச்சதையும் அடிச்சுட்டா முழு சைபர்."

தலைமை மதிப்பீட்டாளர் விழுங்கினார். "இந்தம்மா இங்கயேதான் இருக்கணும்."

"சார், ஆனா படிவத்துல—"

"படிவத்தைத் தூக்கில ஏத்துய்யா!"

சட்டாம்பிள்ளை அப்போதுதான் பின்னாலிருந்து கைகளை எடுத்தாள். எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தையல்காரிக்குத் தெரியவில்லை. அவள் கண்ணும் அவ்வளவு தெளிவாக இல்லை.

நிறுவனம் சும்மா இருக்குமா? அடுத்த மாதமே 'சுயசெயல் ஊக்குவிப்புத் திட்டம்' என்று ஒன்று பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் தலைமை மதிப்பீட்டாளர் என்று அவரே பல மேடைகளில் தெரிவித்தார். புதுக் கட்டங்கள் போட்ட புதுப் படிவம் வந்தது. டை ஊர் ஊராகப் போய் ஊழியர்களுக்குக் கையைப் பின்னால் கட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்தான். திட்டத்தின் பேனரில், தரையில் உட்கார்ந்து பரவசத்தோடு சிரிக்கும் ஒரு முகம் இருந்தது. 'தன்னம்பிக்கை பெற்ற பயனாளி' என்று கீழே போட்டிருந்தார்கள். அதைத் திருத்தும் தைரியம் யாருக்கும் வரவில்லை. சம்பந்தப்பட்டவருக்கோ அந்தப் படம் மிகவும் பிடித்திருந்ததாகக் கேள்வி.

ஐந்து நட்சத்திரம் ஒரு மதியம் தயங்கித் தயங்கி வந்து, சட்டாம்பிள்ளையிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனாள். சில வாரங்களில் மருந்துக்கடை வீட்டிலிருந்து சத்தம் வந்தது. மருந்துக்கடைக்காரம்மா மதிலுக்கு ஓடி வந்தாள்.

"மாமா சீட்டுல ஏமாத்தறார்! கேட்டா டம்ளரத் தூக்கி எறியறார்!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எவ்வளவு தூரம் எறிஞ்சார் தெரியுமா? கொல்லைவரைக்கும்!"

வெயில் இறங்கிய ஒரு சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தார். தடியை ஒரு படி கீழே ஊன்றினார். சட்டாம்பிள்ளை ஒரு பக்கமும் தையல்காரி மறுபக்கமும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. முதல் படி. இரண்டாவது படியில் வலது கால் யோசித்தது. "வேலைநிறுத்தமெல்லாம் முடிஞ்சு போச்சு, வாடா," என்று அதை அதட்டினார். மூன்றாவது படி. தெரு. சைக்கிள்காரன் ஒருவன் மணி அடித்தான். அவர் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டி அவனை நிறுத்தினார், பஸ்ஸை நிறுத்துவது போல. அவனும் காரணம் தெரியாமல் இறங்கி நின்றான்.

முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். பொத்தான்கள் எல்லாம் சரியான ஓட்டையில் இருந்தன.

கடைக்காரனுக்குக் கை கால் ஓடவில்லை. பரபரவென்று துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினான். கத்தரிக்கோலை எடுத்தான். எடுத்துவிட்டுப் பழக்கத்தில், வாசலில் நின்ற தையல்காரியைப் பார்த்தான்.

"அக்கா, பின்னாடி எவ்வளவு குறைக்கலாம்?"

தையல்காரியும் சட்டாம்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் தெருப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்ட பழைய குரல்.

"டேய், டிக்கெட் எடுத்து ஒக்காந்திருக்கறது நானு. எங்க எறங்கணும்னு என்னைக் கேளுடா!"